கர்ப்பகாலத் தலையணை: 2,000 ரூபாய்க்குள் எதை வாங்குவது?

வாசகி கேள்வி: எனக்கு இது முதல் குழந்தை, இப்போது 25-ஆவது வாரம் நடக்கிறது. ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான்கடி அகலக் கட்டில், மின்விசிறி மட்டும்தான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அரை மணி நேரத்தில் இடுப்பில் வலி எடுக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்செரிச்சலும் உண்டு. என் கணவர் இணையத்தில் 3,499 ரூபாய்க்கு ‘யு’ வடிவத் தலையணை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். நாங்கள் இதற்கென ஒதுக்கியது 2,000 ரூபாய்தான். மாமியாரோ, வீட்டில் இருக்கும் தலையணையே போதும், ஆனால் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும் என்கிறார். மார்ச் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தேனிக்கு அருகில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே தரையில் மெத்தை விரித்துத்தான் படுப்போம். நான் என்ன வாங்கலாம்? வாங்கத்தான் வேண்டுமா?

இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3,499 ரூபாய்த் தலையணை உங்களுக்குத் தேவையில்லை; அதற்காக, வீட்டில் இருக்கும் தலையணையே போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு வேண்டியவை இரண்டு பொருள்கள்: வயிற்றுக்கு அடியில் செருகிக்கொள்ளும் சிறிய ஆப்பு வடிவத் தலையணை ஒன்று, இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொள்ளும் நீளமான, அழுத்தமான திண்டு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் ஒதுக்கிய தொகையில் மிச்சமே இருக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். காரணம் புரிந்தால் கடையில் நிற்கும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. இப்போது 25-ஆவது வாரம் என்றால், பிரசவத்துக்கு ஏறத்தாழ 15 வாரங்கள், அதாவது 105 இரவுகள் இருக்கின்றன. மார்ச் நடுவில் தாய்வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் ஓசூர்க் கட்டிலில் கழியப்போவது நான்கு வாரங்கள்தான். மீதி 11 வாரங்கள் தேனிப் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில், தரையில் விரித்த மெத்தையில் கழியும். ஆகவே தலையணையை ஓசூர்க் கட்டிலை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது. அம்மா வீட்டுத் தரையையும் கத்திரி வெயிலையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கணவர் பார்த்து வைத்திருக்கும் யு வடிவத் தலையணை காற்றை உறிஞ்சி அமுக்கிய பொட்டலமாக வரும். பிரித்துவிட்டால் மறுபடி அந்த அளவுக்குச் சுருங்காது. ஆளுயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஏழு மாத வயிற்றோடு இரவுப் பேருந்தில் ஏறுவதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

இனித் தலையணை செய்யும் வேலைக்கு வருகிறேன். ஒருக்களித்துப் படுக்கும் கர்ப்பிணியின் உடம்புக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று இடங்களில் தாங்கல் இல்லாமல் போகிறது: தொங்கும் வயிற்றுக்குக் கீழே, மேல்காலுக்கும் கீழ்க்காலுக்கும் நடுவே, முதுகுக்குப் பின்னால். யு வடிவம், சி வடிவம், ஜே வடிவம் என்று எந்தப் பெயரில் விற்றாலும் எல்லாத் தலையணைகளும் இந்த மூன்று இடங்களில் ஒன்றையோ பலவற்றையோ நிரப்பத்தான் செய்கின்றன. எல்லோருக்கும் மூன்று இடங்களிலும் தாங்கல் தேவைப்படுவதில்லை. எந்த இடம் உங்களுக்குத் தொல்லை தருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் பணத்தைச் செலவழிப்பதுதான், விலை உயர்ந்த தலையணைகள் இரண்டே வாரத்தில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போவதற்கு முதல் காரணம்.

அதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. வீட்டில் இருக்கும் சாதாரணத் தலையணைகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு படுக்கும்போது ஒன்றை மட்டும் இரண்டு கால்களுக்கு நடுவே, குறுக்காக இல்லாமல் நீளவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெண்கள் முழங்கால்களுக்கு நடுவில் மட்டும் தலையணையை இடுக்கிக்கொள்கிறார்கள். அப்போது என்ன நடக்கிறது என்று உங்கள் கணவரைக் கால்மாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் உயர்ந்திருக்கும், பாதமோ கீழே தொங்கி, கட்டைவிரல் மெத்தை விரிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாதம் தொங்கினால் தொடையெலும்பு வெளிப்பக்கமாகத் திருகும். அந்தத் திருகல் நேரே இடுப்பு மூட்டில் போய் நிற்கும். கர்ப்பகால ஹார்மோன்களால் இடுப்பு மூட்டுகளைக் கட்டியிருக்கும் தசைநார்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நிலையில், இந்தத் திருகல் மணிக்கணக்கில் நீடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்களில் விற்கும் வழக்கமான தலையணை 27 அங்குல நீளம் இருப்பதால், நீளவாக்கில் வைத்தால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை அதுவே எட்டிவிடும்.

மறுநாள் இரவு இதோடு இன்னொரு தலையணையை ஒரு மூலை மட்டும் உள்ளே போகும்படி வயிற்றுக்கு அடியில் செருகுங்கள். அதற்கடுத்த இரவு மூன்றாவதை முதுகுக்குப் பின்னால் அணைத்து வையுங்கள். எந்த இரவில் நன்றாகத் தூங்கினீர்கள், எந்தத் தலையணையைத் தூக்கத்தில் நீங்களே தள்ளிவிட்டிருந்தீர்கள் என்று காலையில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தள்ளிவிட்ட இடத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் வலியைப் பற்றி நீங்கள் எழுதாத ஒரு விவரம் எனக்குத் தேவைப்படுகிறது. இடப்பக்கம் படுக்கும்போது வலிப்பது கீழே மெத்தையில் அழுந்தும் இடது இடுப்பா, மேலே இருக்கும் வலது இடுப்பா? இரண்டும் வேறு வேறு வலிகள், மருந்தும் வேறு. மேல்பக்க இடுப்போ, முதுகின் அடியில் இரண்டு பக்கமும் குழி விழும் இடமோ வலித்தால், மேல்கால் சரிந்து திருகுவதுதான் பெரும்பாலும் காரணம். கால்களுக்கு நடுவே வைக்கும் திண்டு அதைச் சரிசெய்யும். கீழ்ப்பக்க இடுப்பில், தொடையின் வெளிப்புறம் துருத்தி நிற்கும் எலும்பைச் சுற்றி வலித்தால், அது அந்த எலும்பு மெத்தையில் அழுந்துவதால் வரும் வலி. உலகத்திலேயே விலை உயர்ந்த யு வடிவத் தலையணையும் அதைக் குறைக்காது, ஏனெனில் அந்தத் தலையணை உங்கள் இடுப்புக்குக் கீழே இருப்பதில்லை. அதற்குப் பருத்திப் போர்வையையோ பழைய மெத்தை விரிப்பையோ நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை படுக்கைமேல் விரித்து, அதன்மேல் படுக்க வேண்டும். பக்கத்தை அடிக்கடி மாற்றவும் வேண்டும். கடிதத்தில் அரை மணி நேரத்தில் வலி தொடங்குகிறது என்று எழுதியிருப்பதால், உங்களுக்கு இந்த இரண்டாவது வகையாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். தரைப் படுக்கைக்குப் போகும்போது இது கூடும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன். கட்டில் மெத்தை நடுவில் குழிந்திருந்தால் அதையும் முதலில் புரட்டிப் போடுங்கள். குழிந்த மெத்தையின்மேல் எந்தத் தலையணையும் வேலை செய்யாது.

பக்கத்தை மாற்றலாமா, இடப்பக்கம்தான் படுக்க வேண்டும் என்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். மல்லாந்து படுக்கும்போது, வளர்ந்த கருப்பை அதன் பின்னால் ஓடும் பெருஞ்சிரையை அழுத்துவதால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த ஐந்து ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு, 28 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்த நிலையில் தூங்கத் தொடங்கிய பெண்களுக்குக் குழந்தை இறந்து பிறக்கும் அபாயம் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்ததாகக் காட்டியது. அந்த அபாயமே அடிப்படையில் மிகச் சிறியது என்பதையும், அதே பகுப்பாய்வில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும். மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பும் 2021-இல் வெளியிட்ட பேறுகாலப் பராமரிப்பு வழிகாட்டியில், 28 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்து தூங்கப் போவதைத் தவிர்க்கும்படியும், அதற்குத் தலையணைகளைத் துணையாகக் கொள்ளும்படியும்தான் கூறுகிறது. ஆகவே இடம், வலம் என்று மாறி மாறிப் படுங்கள். நடு இரவில் மல்லாந்த நிலையில் விழித்துக்கொண்டால் பதறாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். 30 வாரம்வரையிலான தூக்க நிலையை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றும் 2019-இல் வந்தது. அது தூங்கும் நிலைக்கும் குழந்தைக்கு நேரும் பாதிப்புகளுக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. இதுவரை எப்படிப் படுத்தீர்கள் என்று எண்ணி வருந்த வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதன் பின்னணி எனக்குத் தெரியும். படுத்தபடியே உருண்டு திரும்பினால் குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படுவது. கொடி சுற்றுவது குழந்தை உள்ளே புரண்டு விளையாடுவதாலும் கொடியின் நீளத்தாலும் நேர்வது; தாய் எப்படித் திரும்புகிறாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இடுப்பு வலி உள்ள ஒருவர் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்து திரும்புவது வலியைக் கூட்டவே செய்யும். இரண்டு முழங்கால்களையும் மடக்கி, நடுவில் உள்ள திண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாக வரும்படி திரும்புங்கள். ஆனால் படுக்கையை விட்டு எழும்போது மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது: மல்லாந்த நிலையிலிருந்து வயிற்றை எக்கி எழுவதை விட்டு, ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழ வேண்டும். இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், சண்டை வராது.

கடையில் கிடைக்கும் வகைகளுக்கு வருகிறேன். யு வடிவம் உடம்பின் இரண்டு பக்கத்தையும் சூழ்ந்திருப்பதால், திரும்பிப் படுத்தாலும் தலையணையை எடுத்து மாற்ற வேண்டியதில்லை. அதன் உண்மையான சிறப்பு இது ஒன்றுதான். இரட்டைக் குழந்தையைச் சுமப்பவர்கள், இருபக்க இடுப்பு வலியால் இரவில் பலமுறை திரும்புகிறவர்கள், ஆறடி அகலக் கட்டிலும் குளிர்சாதன வசதியும் உள்ளவர்கள் ஆகியோருக்கு அதை நானே பரிந்துரைப்பதுண்டு. நான்கடிக் கட்டிலில் அது இரண்டரை அடியை எடுத்துக்கொண்டால் உங்கள் கணவர் எங்கே படுப்பார் என்பதை அவரிடமே கேளுங்கள். கடைசி மாதங்களில் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். அப்போதெல்லாம் அந்தக் கரையைத் தாண்டிக் காலை வெளியே எடுப்பது, இடுப்பு வலி உள்ளவர்களுக்குப் பெரும் பாடு. சி, ஜே வடிவங்கள் ஒரு பக்கத்தை மட்டும் தாங்குவதால் இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் திரும்பும்போது தலையணையையும் தூக்கித் திருப்ப வேண்டும். நீளத் திண்டை அணைத்துக்கொண்டு படுக்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. கால்களுக்கு நடுவில் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தோளுக்கும் ஆறுதலாக இருக்கும்.

ஆப்பு வடிவத் தலையணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரங்களில் கடைசி வரிசையில் நிற்பது அதுதான். கர்ப்பகாலத் தலையணைகளைச் சோதித்த முறையான ஆய்வுகள் மிகக் குறைவு. இருப்பவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஆஸ்திரேலியாவில் நடந்து 1989-இல் வெளியானது. பக்கவாட்டில் படுக்கும்போது வயிற்றுக்கு அடியில் வைப்பதற்கென வடிவமைத்த தலையணை ஒன்றைச் சாதாரணத் தலையணையோடு ஒப்பிட்டார்கள். பிந்தைய மாதங்களில் இருந்த பெண்களுக்கு முதுகுவலி குறைந்து தூக்கம் மேம்பட்டதாக அதில் தெரிந்தது. ஒரே ஆய்வு, அதுவும் பழையது, என்பதால் அதைத் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆராய்ந்து பார்க்கப்பட்டது வயிற்றைத் தாங்கும் தலையணைதான், உடம்பையே சுற்றி வளைக்கும் பெரிய உருப்படி அல்ல என்பது வாங்கும்போது நினைவில் இருக்கட்டும். ஆப்பு வடிவத்தில் இன்னொரு வசதியும் உண்டு. வயிற்றுக்குத் தேவைப்படாத இரவில் அதையே முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டால், தூக்கத்தில் மல்லாந்துவிடாமல் பாதிச் சாய்விலேயே நிறுத்திவிடும். கைப்பையில் அடங்கும், தரையிலும் கட்டிலிலும் ஒன்றுபோல் வேலை செய்யும்.

வாங்கும்போது அதன் மெல்லிய ஓரத்தைப் பாருங்கள். ஓரம் விரல் கனத்துக்கு மெலிந்திருந்தால்தான் வயிற்றுக்கு அடியில் நழுவிப் போகும்; தடித்த ஓரம் விலாவில் இடிக்கும். உயரமான பக்கம் நான்கைந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வயிற்றை மேல்நோக்கித் தள்ளாமல் வெறுமனே ஏந்திக்கொள்ள வேண்டும். படுத்த பிறகு வயிற்றுக்கும் தலையணைக்கும் நடுவே உள்ளங்கை தடையில்லாமல் நுழைந்தால் அளவு சரி. உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டு எடுங்கள்: உடனே துள்ளி எழுந்தால் சாதாரண ஃபோம், மெல்ல எழுந்தால் மெமரி ஃபோம், எழாமலே குழிந்து கிடந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது உங்கள் விஷயத்தில் வடிவத்தைவிட முக்கியம். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓசூரின் பிப்ரவரிக் குளிரில் இதமாக இருப்பது தேனியின் மே மாதத்தில் நெருப்பாகிவிடும். ஆப்பு வடிவம் சிறியது என்பதால் அதில் ஃபோம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பெரிய தலையணையில் கூடாது. பாலியஸ்டர் ஃபைபர் எடை குறைவு, துவைக்கலாம், விலையும் மலிவு. ஆனால் மலிவான ஃபைபர் சில வாரங்களில் தட்டையாகி, கால்களுக்கு நடுவே இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலைக்கு வந்துவிடும். சிறு மணிகளை அடைத்த தலையணைகள் ஒவ்வோர் அசைவுக்கும் சரசரக்கும். லேசாகத் தூங்குகிறவர்களுக்கு ஒத்துவராது.

திண்டுக்கு நான் சொல்வது இலவம் பஞ்சு. நீங்கள் போகும் ஊருக்கு அருகில் உள்ள போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு மெத்தை, தலையணைகளுக்குப் பெயர்போன ஊர். அங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தி அடைத்த இலவம் பஞ்சுத் திண்டு கால்களுக்கு நடுவே கனம் குறையாமல் நிற்கும், காற்றோட்டம் இருப்பதால் சூடு தங்காது. மெத்தைக் கடையில் சொல்லிச் செய்யும்போது 30 அங்குல நீளமும், அழுத்திய பிறகு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த கனமும் இருக்கும்படி கேளுங்கள். புதுப் பஞ்சா, பழைய மெத்தைப் பஞ்சை அடித்துப் போட்டதா என்று கேட்டுவிட்டு, தைப்பதற்கு முன் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள்; மிளகளவு கறுப்பு விதைகள் நிறைய நெருடினால் பஞ்சு சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. நெருக்கமாக நெய்த துணியில் உள்ளுறை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தூசு கசியும். ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ உள்ளவராக இருந்தால் இலவம் பஞ்சை விட்டு நல்ல ஃபைபர் திண்டுக்குப் போய்விடுங்கள். இலவம் பஞ்சை நனைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டினால் போதும், மே மாதத்தில் வெயிலுக்கா பஞ்சம்.

இப்போது கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும் என்றாலும், ஓரளவு நல்ல ஆப்பு வடிவத் தலையணைக்கு 600 முதல் 900 ரூபாயும், உள்ளூரில் செய்யும் திண்டுக்கு 400 முதல் 600 ரூபாயும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் கூடுதலாக ஒவ்வொரு பருத்தி உறை தைக்க 200 ரூபாய் வைத்துக்கொண்டால், அதிகபட்சம் 1,700 ரூபாய். கூடுதல் உறையை ஆடம்பரம் என்று தள்ள வேண்டாம். கோடையில் வியர்வையில் நனையும் உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் தோலில் வேர்க்குரு வந்துவிடும். மீதி 300 ரூபாயைக் கையில் வைத்திருங்கள். ஆப்பு வடிவத் தலையணையை இப்போதே ஓசூரில் வாங்கிக்கொள்ளுங்கள். திண்டை அம்மாவிடம் சொல்லி, நீங்கள் போவதற்குள் செய்து வைக்கச் சொல்லுங்கள். இடைப்பட்ட நான்கு வாரங்களுக்கு வீட்டுத் தலையணையே கால்களுக்கு நடுவே போதும்.

உங்கள் கணவர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 3,499 ரூபாயை 105 இரவுகளுக்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 33 ரூபாய்தான்; நான் சொன்ன 1,700 ரூபாய் 16 ரூபாய் ஆகிறது. நிம்மதியான தூக்கத்துக்கு 33 ரூபாய் பெரிய தொகை இல்லை. அந்தத் தலையணையை நான் மறுப்பதற்கு விலை காரணமில்லை. உங்கள் வலிக்கும் படுக்கைக்கும் வெயிலுக்கும் அது பொருந்தாது என்பதே காரணம். மூன்று இரவுச் சோதனையில் மூன்று இடங்களிலும் தாங்கல் வேண்டும் என்று தெரிந்தால், ஏற்கெனவே பெற்றெடுத்த அக்கா, நாத்தனார், தோழி யாரிடமாவது பழைய யு தலையணை பரணில் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். இந்தப் பொருள் தேய்வதற்கு முன்பே தேவை முடிந்துவிடுவதால் பல வீடுகளில் அப்படியேதான் கிடக்கிறது. உறையைத் துவைத்து, தலையணையை வெயிலில் காயப்போட்டு எடுத்துக்கொள்ளலாம்; பூஞ்சை வாடையோ கறையோ இருந்தால் மட்டும் வேண்டாம்.

இணையத்தில்தான் வாங்குவது என்று முடிவானால், அடித்துக் காட்டப்பட்ட பழைய விலையையும் தள்ளுபடி சதவீதத்தையும் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு தலையணைகளில் எடை குறைந்ததில் அடைப்பும் குறைவு என்று பொருள். உறை ஜிப் வைத்துக் கழற்றக்கூடியதா, ஜிப் எந்தப் பக்கம் வருகிறது என்று படங்களில் தேடுங்கள். உள்வளைவில் வந்தால் கணுக்காலை உராயும். படுக்கைப் பொருள்களைச் சுகாதாரம் கருதித் திரும்ப வாங்குவதில்லை என்று பல விற்பனையாளர்கள் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும் உதவியை நம்பித் தலையணை வாங்குகிறவர்களும் உண்டு. அது உங்கள் சாப்பாட்டுக்கு வரும் பணம், அதில் கை வைக்க வேண்டாம்.

நெஞ்செரிச்சலுக்குத் தலைக்குக் கீழே தலையணைகளை அடுக்குவது தவறான வழி. கழுத்து மட்டும் மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். தோளிலிருந்தே சாய்வாக உயர வேண்டும். கட்டிலில் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் நான்கு அங்குல உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வைக்கலாம். அம்மா வீட்டில் மெத்தையின் தலைப்பக்கத்துக்கு அடியில் கனத்த போர்வைகளை மடித்து வைக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கட்டும். இடப்பக்கம் படுக்கும்போது எரிச்சல் குறைவதைப் பலரும் உணர்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகச் சாப்பிட்டு முதல் தூக்கத்தை இடப்பக்கமாகத் தொடங்கலாம்.

தரையிலிருந்து எழுவதை ஓசூரிலேயே பழகிக்கொள்ளுங்கள்: ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, மண்டியிட்டு, பக்கத்தில் இருக்கும் நாற்காலியைப் பிடித்து ஒரு காலை முன்வைத்து எழ வேண்டும். நாற்காலி நகராத வகையில் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். மூட்டு வலி கூடினால் அந்தப் பதினொரு வாரத்துக்கு மட்டும் ஒரு கட்டிலை ஏற்பாடு செய்யும்படி பெற்றோரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சில தொல்லைகளைத் தலையணை மாற்றிச் சரிசெய்யப் பார்த்துக் காலத்தைக் கடத்தக் கூடாது. அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புகள் முன்பக்கம் சேரும் இடத்தில் வலித்து, படி ஏறவும் ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றவும் முடியவில்லை என்றால் நேரில் ஓர் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் தோன்றினால் இரும்புச் சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பில்லாத அரிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு வலி, கடும் தலைவலியோடு பார்வை மங்கல், விட்டு விட்டுச் சீராக வரும் இடுப்பு வலி, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு திண்டையும் ஆப்புத் தலையணையையும் பால் கொடுக்கும்போது முழங்கைக்கும் முதுகுக்கும் அணையாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றின்மேல் குழந்தையைத் தூங்கவைப்பதோ, விழாமல் இருக்கக் குழந்தைக்கு இரு பக்கமும் அணை கொடுப்பதோ கூடாது. மூக்கும் வாயும் மென்மையான பஞ்சில் புதைந்தால் பச்சிளம் குழந்தையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. குழந்தை படுக்கும் இடத்தில் தலையணையோ மென்மையான பொருளோ இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டியும் தெளிவாகச் சொல்கிறது. பார்க்க வரும் உறவினர்கள் அன்பினால் அணை வைத்துவிட்டுப் போவார்கள் என்பதால், இதை உங்கள் அம்மாவிடம் பிரசவத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்.